காட்டுத்தீப் புகைக் காலத்தில் வீட்டு கேரேஜில் காருக்குப் பெயிண்ட் அடிப்பது: முழுமையான வழிகாட்டி

கலிஃபோர்னியாவில் காருக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்க நினைப்பவரின் சங்கடம் நாட்காட்டியிலேயே இருக்கிறது. மழை இல்லாமல், ஈரப்பதம் குறைவாக, பெயிண்ட் ஒழுங்காகக் காயும் மாதங்கள் எவையோ அவையேதான் காட்டுத்தீ மாதங்களும். ஜூலையில் தொடங்கி நவம்பர் வரை எந்த வாரம் வானம் பழுப்பாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. தள்ளிப்போட்டால் குளிரும் மழையும் வந்துவிடும்.

புகை நாளில் ஸ்ப்ரே செய்யவே கூடாது என்பது என் கட்சி. காரணம் எளிது. தின்னரின் ஆவியை வெளியேற்ற கேரேஜைத் திறந்து வைக்க வேண்டும். காட்டுப் புகை உள்ளே வராமலிருக்க அதை மூடி வைக்க வேண்டும். சாதாரண வீட்டு கேரேஜில் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. ஆனால் ஒரு காருக்குப் பெயிண்ட் அடிப்பதில் ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் நேரம் மிகச் சொற்பம். கழுவுவது, கழற்றுவது, தேய்ப்பது, பட்டி பார்ப்பது, மறைப்புத் தாள் ஒட்டுவது என்று முக்கால்வாசி வேலை வேறு இடத்தில் இருக்கிறது. அதைப் புகை நாட்களில் முடித்து வைத்துக்கொண்டு, வானம் தெளிந்த அன்று கன்னை எடுப்பதுதான் இந்த வழிகாட்டியின் திட்டம்.

கழற்றும் முன்: இந்த வண்டி ஓட வேண்டியிருக்குமா?

வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. நீங்கள் இருப்பது மலையடிவாரத்திலோ காட்டோரத்திலோ என்றால், தீக்காலத்தில் கார்தான் உங்கள் உயிர் காக்கும் வாகனம். வெளியேறும்படி உத்தரவு வந்தால் சில நிமிடங்களில் கிளம்ப வேண்டும். முகப்பு விளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, கண்ணாடியில் தாள் ஒட்டிவிட்டு நிற்கும் கார் அன்று உதவாது. வீட்டில் ஓடும் நிலையில் இன்னொரு வண்டி இருந்தால் மட்டும் முழுக் காரையும் பிரியுங்கள். இல்லையென்றால் பகுதி பகுதியாகச் செய்யுங்கள்: இந்த வாரம் பானட், அடுத்து ஒரு மட்கார்டு. விளக்குகள் எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும், டேங்கில் பாதிக்கு மேல் பெட்ரோல் இருக்கட்டும்.

உங்கள் மாவட்டத்துக்குத் தேசிய வானிலைச் சேவையின் 'செங்கொடி எச்சரிக்கை' (தீ வேகமாகப் பரவும் வானிலைக்கான எச்சரிக்கை) வந்திருந்தால் அன்று தின்னர் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். காற்றில் பறந்து வரும் தீப்பொறி வீட்டுக்குள் நுழையும் வழிகளில் கேரேஜின் காற்றுத் துளைகளும் கதவடி இடைவெளியும் முக்கியமானவை. உள்ளே சில லிட்டர் தின்னர் இருந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்தின் விதியிலோ, நகராட்சி விதியில் வீட்டில் வாகனம் ஸ்ப்ரே செய்யத் தடை இருந்தாலோ அதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். கலிஃபோர்னியாவில் பெயிண்டில் உள்ள கரைப்பான் (தின்னர் போன்ற ஆவியாகும் திரவம்) அளவு குறித்த விதிகள் ஒவ்வொரு காற்றுத் தர மாவட்டத்திலும் வேறுபடும். வேறு மாநிலத்தில் விற்கும் பெயிண்ட் இங்கே விற்கப்படாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

வானத்தின் நிறத்தை நம்பாதீர்கள்

2020 செப்டம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் வானம் நாள் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. பார்த்தவர்களுக்கு உலகமே முடிந்ததுபோல் தோன்றியது. ஆனால் அன்று தரைமட்டக் காற்று அவ்வளவு மோசமில்லை. கடலிலிருந்து வந்த குளிர்காற்றுப் படலம் கீழே இருந்தது, புகை அதற்கு மேலே நின்றது. அடுத்த நாட்களில் வானம் வெறும் சாம்பல் நிறத்துக்கு மாறியபோதுதான் புகை கீழே இறங்கியது, காற்று உண்மையிலேயே கெட்டது. அந்த ஆரஞ்சு நாளிலோ கார்களின் மேல் சாம்பல் உதிர்ந்துகொண்டிருந்தது.

நமக்கு இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, எண்ணைப் பார்க்க வேண்டும். இரண்டு, அந்த எண் மட்டும் போதாது. காற்றுத் தரக் குறியீடு புகை நாட்களில் பெரும்பாலும் பி.எம். 2.5 என்னும் நுண்துகளை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான குறுக்களவும் கொண்ட துகள்கள் அவை. நுரையீரலைக் கெடுப்பவை அவைதான். ஆனால் நிறத்தின் மேல் கடைசியாக அடிக்கும் நிறமற்ற பளபளப்புப் பூச்சான கிளியர் கோட்டின் தடிமனே ஏறத்தாழ 50 மைக்ரான். அதில் ஒரு புகைத் துகள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பெயிண்டில் மேடாகத் தெரிபவை சாம்பல் செதில்களும் தூசியும். அவற்றைக் குறியீடு அளப்பதே இல்லை.

எனவே இரண்டு சோதனைகள் செய்யுங்கள். முதலில், அமெரிக்க அரசின் காற்றுத் தரத் தளமான ஏர்நவ்வின் 'தீ மற்றும் புகை வரைபட'த்தில் உங்கள் தெருவுக்கு அருகிலுள்ள சென்சார்களைப் பாருங்கள். மக்கள் வீடுகளில் மாட்டும் மலிவான பர்பிள்ஏர் சென்சாரின் நேரடி அளவு மரப் புகையைக் கூட்டிக் காட்டும்; அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் திருத்தம் சேர்த்த எண்ணை அந்த வரைபடம் தருகிறது. நாளையும் மறுநாளும் எப்படி என்று அறிய அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிர்வாகத்தின் புகை முன்கணிப்பு இருக்கிறது. அதில் 'தரைமட்டப் புகை' படத்தைப் பாருங்கள். வளிமண்டலம் முழுவதையும் கூட்டிக் காட்டும் படம் நம் வேலைக்கு ஆகாது.

அடுத்து, கருப்பு நிறத்தில் பளபளப்பான எதையாவது, பழைய டிவி திரையோ கருப்புக் கண்ணாடியோ, நன்றாகத் துடைத்து கேரேஜ் நடுவில் படுக்கவைத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு டார்ச்சைக் கிடைமட்டமாகப் பிடித்து ஒளி விட்டுப் பாருங்கள். அதில் எத்தனை செதில் தெரிகிறதோ அத்தனையும் உங்கள் பானட்டிலும் விழும்.

நான் வைத்திருக்கும் எல்லை இது. குறியீடு 50க்குள், கருப்புக் கண்ணாடியும் சுத்தம்: கிளியர் கோட் வரை அடிக்கலாம். 51 முதல் 100 வரை: பிரைமர் அடிக்கலாம், அதற்கு மேல் போக வேண்டாம். 100ஐத் தாண்டினால் கன்னைத் தொடுவதில்லை. 150ஐத் தாண்டினால் கதவை மூடி, காற்று வடிகட்டி ஓட, முகமூடியோடு கை வேலை மட்டும். 200க்கு மேல் போனால் வீட்டுக்குள் உட்கார்ந்து உங்கள் கார் பெயிண்டின் நிற எண்ணைத் தேடிக்கொண்டிருக்கலாம்.

சாம்பலைக் கழுவுவது

வண்டியின் மேல் படிந்திருப்பது வெறும் தூசி அன்று. மரச் சாம்பலில் கால்சியம், பொட்டாசியம் உப்புகள் உண்டு. இரவுப் பனி பட்டதும் அது காரக் கரைசலாகி, காலை வெயிலில் வற்றும்போது பழைய கிளியர் கோட்டில் வட்ட வட்டமாக அரித்த தடம் விட்டுப்போகும். வீடுகளும் சேர்ந்து எரிந்திருந்தால் இன்னும் மோசம். 2018 நவம்பரில் பாரடைஸ் நகரை அழித்த கேம்ப் தீயில் 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. அந்தப் புகையில் ஈயம் இருந்ததைக் கலிஃபோர்னியக் காற்று வள வாரியம் பின்னர் உறுதிசெய்தது.

ஆகவே காய்ந்த துணியால் துடைக்காதீர்கள். இலை ஊதும் கருவியைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். முதலில் அழுத்தம் குறைந்த தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு, கை வைக்காமலே சாம்பலை இறக்குங்கள். அதன் பிறகு கார் ஷாம்பூ, இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பூ, மற்றதில் துணியை அலசத் தண்ணீர். கடைசியாக மெழுகும் பிசுக்கும் நீக்கும் திரவம். புகை படியும்போது கூடவே ஒட்டும் தார்ப் பிசுக்கைத் தண்ணீரும் ஷாம்பூவும் முழுதாக எடுப்பதில்லை. ஒரு துணியால் ஈரமாகத் தடவி, காயும் முன் இன்னொரு துணியால் எடுக்க வேண்டும். உப்புத்தாள் போடும் முன் இதைச் செய்வது முக்கியம். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

புகை நாட்களுக்கான வேலை

கேரேஜ் கதவை மூடிவிட்டு, 20 அங்குல மின்விசிறியோடு நுண்துகளைப் பிடிக்கும் மெர்வ் 13 தரக் காற்று வடிகட்டிகள் நான்கைச் சதுரமாக ஒட்டி ஒரு பெட்டி செய்துகொள்ளுங்கள். 2020இல் பரவலான இந்த அமைப்புக்குக் கோர்சி-ரோசென்தால் பெட்டி என்று பெயர். வெளியிலிருந்து கசியும் புகையையும் நீங்கள் கிளப்பும் தேய்ப்புத் தூசியையும் சேர்த்தே பிடிக்கும். ஒரே நிபந்தனை: எந்தக் கரைப்பான் டப்பாவையும் திறக்கும் முன் அதை நிறுத்தி வெளியே எடுத்துவிட வேண்டும். சாதாரண மின்விசிறியின் மோட்டார் பொறி விடக்கூடியது. மேலும் அது உள்காற்றையே சுற்றிச் சுற்றி விடுவதால் ஆவியை ஒருபோதும் வெளியேற்றாது.

பழைய பெயிண்ட் உறுதியாக ஒட்டியிருந்தால் இரும்பு வரை உரிக்காதீர்கள். இது சோம்பேறித்தனம் அன்று. பனியும் காரச் சாம்பலும் சேரும் காலத்தில் வெற்றிரும்பு ஓர் இரவிலேயே துருப்பிடிக்கத் தொடங்கும். நிறுவனப் பெயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, உரிந்த இடங்களை மட்டும் 80ஆம் எண் தாளில் தொடங்கி 180, 320 என்று ஓரம் தெரியாமல் இழையுங்கள். பள்ளங்களுக்குப் பட்டி. பட்டியைக் கடினமாக்கியோடு கலந்த சில நிமிடங்களில் இறுகத் தொடங்கிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும். பட்டி பார்த்த இடத்தைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கையை விரித்து, கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் தடவினால் கண்ணுக்குத் தப்பிய மேடு விரலுக்குத் தெரியும்.

வெற்றிரும்பு தெரியும் சிறு இடங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: எபாக்ஸி பிரைமரைச் சிறு ரோலரால் உருட்டிவிடுவது. காற்றில் பனித்துளியாகப் பறக்காது, கன் கழுவும் வேலையும் இல்லை. கரைப்பான் ஆவியைத் தடுக்கும் முகமூடி (பின்னால் சொல்கிறேன்) மட்டும் கட்டாயம். காய்ந்ததும் 320ஆம் எண் தாளில் மட்டமாக்கிவிடலாம். எபாக்ஸி ஈரத்தை உறிஞ்சாது. அதன் மேல், பரப்பை மட்டமாக்க அடிக்கும் மேல் பிரைமர் அப்படியன்று. தடிமனாக நிற்கும் அந்த வகை ஈரத்தையும் சாம்பலின் காரத்தையும் குடித்து வைத்திருந்து, பின்னால் பெயிண்டில் கொப்புளமாகக் காட்டும்.

எங்கே நிறுத்தலாம், எங்கே நிறுத்தக் கூடாது

புகைக் காலத்தில் பெயிண்ட் அடிப்பவருக்குத் தெரிய வேண்டிய மிக முக்கியமான விஷயம் இதுதான். காற்று எந்த நேரமும் திரும்பலாம். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் மேற்கிலிருந்து கடற்காற்று வீசிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் காற்று தெளிவாக இருக்கும். வடகிழக்கிலிருந்து டயாப்லோ என்னும் வறண்ட நிலக்காற்று இறங்கினால் சில மணி நேரத்தில் நிலைமை தலைகீழாகும்.

எபாக்ஸி பிரைமரோடு நிறுத்தலாம். பெரும்பாலான தயாரிப்புகளில் சில நாட்களுக்குத் தேய்க்காமலே அடுத்த பூச்சு போடலாம். அதைத் தாண்டினால் லேசாகத் தேய்த்துவிட்டுத் தொடரலாம். எத்தனை நாள் என்பது தயாரிப்பாளரின் தொழில்நுட்பத் தாளில் இருக்கும். மேல் பிரைமரோடு நிறுத்தினால் காய்ந்த பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்து, பிறகு 400 அல்லது 600ஆம் எண்ணால் முழுக்கத் தேய்த்த பின்னரே தொடர வேண்டும்.

நிறப் பூச்சான பேஸ் கோட்டோடு மட்டும் நிறுத்தாதீர்கள். அது மென்மையானது, பாதுகாப்பில்லாதது. பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் கிளியர் கோட் ஏற வேண்டும். தவறினால் மேற்பூச்சு சரியாக ஒட்டாது. தேய்த்து மறுபடியும் நிறம் அடிக்க வேண்டியதுதான். அந்த இடைவெளியில் சாம்பல் விழுந்தால் உலோக மினுக்கு நிறங்களில் துடைத்த தடம் கூடத் தெரியும். அதனால் நிறமும் கிளியரும் ஒரே நாளில் முடியும்படி ஐந்தாறு மணி நேரம் தெளிவாக இருக்கும் என்று முன்கணிப்பு சொல்லாவிட்டால் நிறத்தையே தொடங்காதீர்கள். முழுக் காரைவிட ஒரு நேரத்துக்கு ஒன்றிரண்டு பாகங்களே வீட்டு வேலைக்கு ஏற்றவை என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்கான கணக்கு

என்-95 முகமூடி துகளைப் பிடிக்கும், கரைப்பான் ஆவியைப் பிடிக்காது. காட்டுத்தீக்காக வாங்கி வைத்த என்-95ஐ மாட்டிக்கொண்டு ஸ்ப்ரே செய்வது பலர் செய்யும் பெருந்தவறு. கரிம ஆவிக்கான கரித் தொட்டியும் அதனுடன் பி-100 துகள் வடிகட்டியும் பொருந்திய ரப்பர் முகமூடி வேண்டும். தாடி இருந்தால் அது சரியாகப் பொருந்தாது. அந்தக் கரித் தொட்டியை கேரேஜில் ஆணியில் தொங்கவிட்டால் நீங்கள் அணியாதபோதும் காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சித் தீர்ந்துபோகும். காற்றுப் புகாத பையில் போட்டு வீட்டுக்குள் வையுங்கள்.

கடினமாக்கி சேர்க்கும் இரு கூறு கிளியர் கோட் வேறு விவகாரம். அதில் ஐசோசயனேட் என்னும் நச்சு வேதிப்பொருள் இருக்கிறது. வாசனை எச்சரிக்காது, ஒருமுறை உடல் ஒவ்வாமை கொண்டுவிட்டால் வாழ்நாள் ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடக்கூடும். அதற்குப் பரிந்துரைக்கப்படுவது வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம். புகை நாளில் அந்தக் குழாயின் மறுமுனையை எங்கே வைப்பீர்கள்? வீட்டைச் சுற்றி எங்கும் தூய காற்று இல்லை. அந்தக் கருவி உள்ளிழுப்பதும் காட்டுப் புகையைத்தான். அக்கவசம் இல்லாதவர்களுக்கு என் ஆலோசனை: தேய்ப்பு, பட்டி, ஐசோசயனேட் இல்லாத பிரைமர் வரை நீங்கள் செய்துகொண்டு, நிறமும் கிளியரும் அடிக்க வண்டியைக் கடைக்குக் கொண்டுபோங்கள். செலவில் பெரும்பகுதி கை உழைப்புதான். அதை நீங்கள் ஏற்கெனவே மிச்சம் பிடித்துவிட்டீர்கள்.

ஸ்ப்ரே நாள்

புகை விலகிய முதல் நாளிலேயே ஓடாதீர்கள். கூரையிலும் மரத்திலும் தாழ்வாரத்திலும் தங்கிய சாம்பல் அடுத்த காற்றில் மறுபடி கிளம்பும். 2018இல் கேம்ப் தீயின் புகை ஏறத்தாழ இரண்டு வாரம் நின்று, நவம்பர் 21 மழையில்தான் கழுவப்பட்டது. மழைக்கு வழியில்லாத ஆகஸ்டில் நாம்தான் கழுவ வேண்டும். முதல் நாள் மாலை கேரேஜின் உத்தரத்தையும் சுவரையும் நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரால் இழுத்து, முன்தளத்தை நனைத்துச் சாம்பலைக் கூட்டி அள்ளிவிடுங்கள். சாக்கடைக்குள் தள்ள வேண்டாம்.

காலையில் முதல் வேலை தண்ணீர் சூடேற்றும் கருவி. கலிஃபோர்னியாவில் பல வீடுகளில் எரிவாயுவில் ஓடும் அந்தக் கருவி கேரேஜில்தான் நிற்கிறது, உள்ளே சிறு சுடர் எரிந்துகொண்டே இருக்கும். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். எரிவாயுவை மூடிச் சுடரை அணையுங்கள். வீட்டுக்குள் செல்லும் கதவின் விளிம்புகளை டேப்பால் ஒட்டுங்கள்.

காற்றோட்டத்துக்கு விசிறியை வெளியேற்றும் பக்கம் வைக்காமல் உள்ளிழுக்கும் பக்கம் வையுங்கள். பக்கக் கதவில் மெர்வ் 13 வடிகட்டிகளைப் பொருத்தி, விசிறி அவற்றின் வழியே தூய காற்றை உள்ளே தள்ளட்டும். பெரிய கதவைக் கொஞ்சம் தூக்கி அதன் வழியே ஆவி வெளியேறட்டும். மோட்டார் ஆவியைச் சந்திக்காது. உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதால் சந்துகள் வழியே சாம்பலும் இழுக்கப்படாது.

தீக்காலக் காற்று மிகவும் வறண்டது. தின்னர் கன்னிலிருந்து பாகத்தைச் சேர்வதற்குள்ளேயே பறந்துவிட்டால் பரப்பு சொரசொரப்பாகிவிடும். மெதுவாக ஆவியாகும் தின்னரைத் தேர்ந்தெடுங்கள். தரையை நனைத்து வைத்தால் தூசியும் அடங்கும். வறண்ட காற்றில் பிளாஸ்டிக் பம்பர் நிலைமின்சாரம் ஏறிச் சாம்பலைத் தேடி இழுக்கும். அதை நிலைமின் நீக்கும் திரவத்தால் துடையுங்கள், அழுத்தித் தேய்க்காதீர்கள். மெல்லிய புகைத்திரை இருந்தால் வெயில் மறைந்து பாகத்தின் சூடு முன்கணிப்பைவிடக் குறையும். பாகத்தையே வெப்பமானியால் அளந்து 21 டிகிரி செல்சியஸ் அருகில் இருக்கும்படி பாருங்கள்.

கம்ப்ரசருக்கு நீர் பிரிப்பானோடு ஒரு நுண் எண்ணெய் வடிகட்டியும் சேருங்கள். அதன் சாதாரண உள்ளிழுப்பு வடிகட்டி பெரிய தூசியைத்தான் நிறுத்தும். பிறகு எல்லாம் வழக்கம்போல: 1.3 அல்லது 1.4 மி.மீ. முனை, 15 முதல் 20 செ.மீ. தூரம், முந்தைய வீச்சின் பாதிக்கு மேல் படியும்படி அடுத்த வீச்சு. நிறம் இரண்டு மூன்று பூச்சு, இடையில் பத்துப் பதினைந்து நிமிடம். கிளியர் இரண்டு பூச்சு.

அத்தனைக்கும் பிறகும் ஒரு சாம்பல் செதில் வந்து விழத்தான் போகிறது. ஈரக் கிளியரில் விழுந்த செதில் முதலில் மேலே மிதக்கும். சில வினாடிகளில் ஓரங்களிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக் கருத்து, தட்டையாக உள்ளே அமிழும். அந்த வினாடிகளில் கை துடிக்கும். விரலால் எடுக்கப் போனால் அது பொடிந்து விரல் நீளக் கருங்கோடாகிவிடும். விட்டுவிடுங்கள். நிறப் பூச்சில் விழுந்தால் காய்ந்த பின் 800ஆம் எண் தாளைத் தண்ணீரில் தொட்டு அந்த இடத்தை மட்டும் தேய்த்து மறுபடி நிறம் அடிக்கலாம். கிளியரில் விழுந்ததை நன்றாகக் காய்ந்த பிறகு 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு என்னும் மெருகுப் பசை போட்டு எடுக்கலாம். மேலோட்டமாக நிற்பவை மறைந்துவிடும். அடியில் இறங்கியவை நிற்கும்.

தீ அபாயம் அதிகமான நாட்களில் மின் நிறுவனங்கள் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. கம்ப்ரசர் நின்றாலும் கலந்த கிளியரின் வேதிவினை நிற்காது. மின்சாரம் போனால் ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்துவிட்டு, கன்னை உடனே காலிசெய்து கழுவிவிடுங்கள். உள்ளே இறுகினால் கன் போனதுதான்.

பின்னர்

புதுப் பூச்சுக்கு ஒன்று முதல் மூன்று மாதம் வரை மெழுகு போடுவதில்லை, உள்ளிருக்கும் கரைப்பான் முழுதும் வெளியேற வேண்டும். அதற்குள் இன்னொரு புகை வந்தால் காரின் மேல் துணி உறை போடாதீர்கள். உறைக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டிய சாம்பல் காற்றில் உறை அசைய அசையப் பெயிண்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். கேரேஜுக்குள் நிறுத்துங்கள். முடியாவிட்டால் தினமும் மாலையில், பனி இறங்கும் முன், வெறும் தண்ணீர் விட்டு அலசுங்கள். மிஞ்சிய தின்னரும் பெயிண்டும் நனைந்த துணிகளும் மூடியுள்ள உலோக டப்பாவில் போய்ச் சேரட்டும். மாவட்டத்தின் அபாயகரக் கழிவு மையத்தில் வீட்டுக் கழிவைப் பொதுவாக இலவசமாகவே வாங்கிக்கொள்வார்கள். பல இடங்களில் முன்பதிவு செய்ய வேண்டியிருக்கும்.